முதலில் ஏறுபவர்

கயிறு மாற்றிய லிஃப்டில் முதலில் ஏறுகிறவர், அதை மாற்றியவராகத்தான் இருக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தொழிலுக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட வழக்கம் இது. வேலை முடிந்ததும் கருவிகளை வெளியே வைத்துவிட்டுத் தனியாக உள்ளே போவார். கதவு மூடும். அடித்தளத்திலிருந்து உச்சிக்கு ஒரு முறை, உச்சியிலிருந்து அடித்தளத்துக்கு ஒரு முறை. அவருடைய தம்பி படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறி ஒவ்வொரு தளத்திலும் கதவை இரண்டு தட்டுத் தட்டுவான். உள்ளேயிருந்து இவரும் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் ஆள் நலம், கயிறும் நலம். அதற்குப் பிறகுதான் வேறு யாரும் ஏறலாம்.

"இதெல்லாம் எதுக்குண்ணே? மணல் மூட்டையை ஏத்திப் பாத்தாப் போதாதா?" என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"மூட்டை பயப்படாதுடா. பயப்படறவன் உள்ள இருந்தாத்தான் கை ஒழுங்கா வேலை செய்யும்."

மின்சாரம் போனால் லிஃப்ட் அறுந்து விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழானது. பிரேக்கை இறுக்கிப் பிடித்திருப்பவை ஸ்பிரிங்குகள். மின்சாரம் செய்யும் வேலை அந்தப் பிடியைத் தளர்த்துவது மட்டும்தான். மின்சாரம் நின்ற கணத்தில் பிடி தானாக இறுகி, பெட்டி அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். இதை மெக்கானிக்கின் மகள் ஐந்து வயதிலேயே மனப்பாடமாகச் சொல்லுவாள். வீட்டில் அவளுக்கு நெட்டச்சி என்று பேர். பதின்மூன்று வயதில் அம்மாவைத் தாண்டி, அப்பாவின் காது உயரத்துக்கு வந்துவிட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அம்மா வைத்திருந்தது பழைய துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக்கொடுக்கும் கடை. ஒரே ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, திரைபோட்ட மூலையில் ஒரு கண்ணாடி. மகளுடைய காற்சட்டைகளின் கீழ்மடிப்பை அவள் அடிக்கடி பிரித்து இறக்கிக்கொண்டே இருந்தாள். "வளர்ற பிள்ளைக்குத் தைக்கிறதும் ஒண்ணு, தண்ணி மேல எழுதறதும் ஒண்ணு" என்பாள். அலுப்புபோலக் கேட்கும், உள்ளே இருந்தது பெருமை.

ஒருமுறை மகள் புதுக் காற்சட்டையைப் போட்டு வந்து நின்றபோது, இடது கால் முட்டிக்கு மேலே துணி இழுத்துப் பிடித்தது. வலது கால் சரியாக விழுந்தது. தான் வெட்டியதில் பிசகு என்று அம்மா நினைத்தாள். ஓரத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்தாள். சில வாரம் கழித்து மறுபடியும் அதே இடம் பிடித்தது. மறுபடியும் பிரித்து விட்டாள். மகள் ராத்திரிகளில் கால் வலி என்றாள்; வளர்கிற வலி என்று தைலம் தடவினார்கள். மூன்றாம் முறை விடுவதற்குத் தையலில் துணி மிச்சம் இல்லை. அப்போதுதான் அம்மா அளவுநாடாவைத் துணியிலிருந்து எடுத்து மகளின் காலில் வைத்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டுக் கணவருக்குப் போன் செய்தாள்.

"துணி சரியாத்தாங்க இருக்கு. கால்தான் சரியில்ல."

எலும்பு நடுவில் நீளுவதில்லை. இரு முனைகளுக்கும் அருகில் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு; வளர்ச்சி அங்கேதான் நடக்கிறது. உடம்பில் உள்ள தட்டுகளில் மிக வேகமாக வேலை செய்பவை முட்டியைச் சுற்றி இருப்பவை. சட்டென்று உயரமாகும் வயதில் அங்கே செல்கள் ஓய்வில்லாமல் பிரிந்து பெருகும். ஆரோக்கியமான எலும்பில் கட்டுகிற செல்கள் ஒரு பக்கம், இடிக்கிற செல்கள் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு நடக்கும். ஏதோ ஒரு கணத்தில் கட்டுகிற செல் ஒன்று யார் பேச்சையும் கேட்காமல் கட்ட ஆரம்பித்தால், அதுதான் எலும்புப் புற்றுநோய். அதுவும் எலும்பைத்தான் கட்டுகிறது. ஆனால் கொத்தனார் இல்லாத வீட்டில் செங்கல்லைக் கொட்டியதுபோல; குவியல் உயரும், பாரம் தாங்காது.

எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கீழ்முனையிலிருந்து வெள்ளைக் கோடுகள் விசிறிபோலச் சதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. நுரையீரல் ஸ்கேனில் இரண்டு புள்ளிகள் இருந்தன. அரிசியைவிடச் சிறியவை. எப்போதோ வந்த சளியின் தழும்பாக இருக்கலாம். முட்டியிலிருந்து ரத்தத்தோடு கிளம்பிப் போனவையாகவும் இருக்கலாம்.

"எப்ப டாக்டர் தெரியும்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வளந்தாத் தெரியும்" என்றார் எலும்பு அறுவை டாக்டர். அவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. சொல்ல வேண்டியதை வளைக்காமல் சொல்லுவார்.

முதலில் மருந்து ஏற்றினார்கள். நெட்டச்சியின் முடி போனது, நாக்கில் ருசி போனது. "முடி போனா என்ன, ஒசரம் போகல" என்று அவள் மொட்டைத்தலையைத் தடவிக்கொண்டாள். கட்டி கொஞ்சம் சுருங்கியது. நுரையீரல் புள்ளிகள் சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை. காலில் அறுவை செய்யும் நேரம் வந்தபோது டாக்டர் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"முட்டியும் அதுக்கு மேல உள்ள எலும்பும் போயே ஆகணும். அந்த எடத்துல என்ன வைக்கிறதுங்கறதுதான் கேள்வி. ரெண்டு வழி இருக்கு."

முதல் வழியை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். உலோக முட்டி. மெக்கானிக் கேட்காமலே அதைக் கையில் எடுத்துவிட்டார். கீல் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு மடங்கியது. தண்டுக்குள் ஒரு திருகு இருந்தது. பிள்ளை வளர வளர, வெளியே ஒரு காந்த வளையத்தைக் காலைச் சுற்றி வைத்தால் போதும். தோலைக் கிழிக்காமலே உள்ளே திருகு சுழன்று கால் இம்மியளவு நீளும்.

"வெளிய காந்தம், உள்ள பல்சக்கரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் அவர். மடக்கிப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்து இடைவெளியை அளந்தார். மூட்டு எந்த உலோகம், உரசும் இடத்தில் என்ன பிளாஸ்டிக் என்று கேள்விமேல் கேள்வி. கடைசியில், "இதையே வெச்சிடுங்க டாக்டர்" என்றார்.

அம்மாவுக்கும் நிம்மதி. வெளியே பார்த்தால் கால் காலாகவே இருக்கும்.

"ரெண்டாவது வழியையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றார் டாக்டர். முட்டியை வெட்டி எடுத்த பிறகு, கீழ்க்காலை மேலே தூக்கி, முன்பின்னாகத் திருப்பி, தொடை எலும்போடு பொருத்துவது. பாதம் பின்பக்கம் பார்க்கும். குதிகால் முன்னால் வந்து முட்டிச்சில்லின் இடத்தில் நிற்கும். கணுக்கால்தான் இனிமேல் முட்டி. அதற்குக் கீழே செயற்கைக் கால் மாட்டிக்கொள்ள வேண்டும். விரல்களைக் கீழே நீட்டினால் கால் நிமிரும். மேலே தூக்கினால் மடங்கும். உள்ளே தேய்வதற்கு இரும்பு மூட்டு இல்லை; அதற்காக மறுபடி திறக்க வேண்டியதும் இல்லை.

அம்மா பாதியிலேயே எழுந்துவிட்டாள். "பொம்மைக்குக்கூடக் காலைத் திருப்பி ஒட்ட மாட்டாங்க டாக்டர்."

திரும்பி வருகையில் ஆஸ்பத்திரி லிஃப்டில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். சக்கர நாற்காலியில் இருந்தபடி நெட்டச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அந்த முட்டியைக் கையில வெச்சிருந்தப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? புது மோட்டார் வந்து பெட்டியைப் பிரிப்பியே, அப்படி."

"நல்ல சாமான்டி அது."

"நல்ல சாமான்தான். நீ பாக்கற லிஃப்டை எத்தன நாளைக்கு ஒருக்காத் தொறப்ப?"

"மாசம் ஒருக்கா."

"தொறக்காம விட்டா?"

"தேயும். சத்தம் வரும். அப்புறம் நின்னுடும்."

"அந்த முட்டியைத் தொறக்கணும்னா என்னைத்தானே தொறக்கணும்?"

அவர் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி ஓடும் தண்டவாளத்தில் எண்ணெய் வற்றி லிஃப்ட் முனகியது. வேறு நாளாக இருந்தால் இறங்கியதும் யாரிடமாவது அதைச் சொல்லியிருப்பார்.

"நுரையீரல்ல இருக்கறது என்னன்னு டாக்டருக்கே தெரியல. எனக்கு எவ்வளவு நாள் இருக்குன்னும் தெரியாது. இருக்கறதுல பாதியை ரிப்பேருக்குக் குடுக்கணுமா?"

"இப்படியெல்லாம் பேசாத."

"சரி, பேசல. ஆனா நீ என்னைக் கேக்கவே இல்லப்பா. முட்டியைத்தான் கேட்ட."

கதவு திறந்தது. அவருக்கு நாற்காலியைத் தள்ளத் தோன்றவில்லை. காத்திருந்தவர்கள்தான், "இறங்கறீங்களா இல்லையா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் தம்பி அவரைத் தேடி வந்தான். அண்ணன் இடது காலைப் பின்னால் மடக்கிப் பெல்ட்டால் தொடையோடு கட்டியிருந்தார். முட்டிக்கு அடியில் துணி சுற்றிய இரும்புக் குழாய் ஒன்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முயன்று, மோட்டாரின் மூடியில் மோதி, கன்னத்தில் கிரீஸ் அப்பி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, லிஃப்டை விட்டுட்டு உன்னையே சர்வீஸ் பண்றியா?"

"முதல்ல நான் ஏறிப் பாக்கணும்ல."

தம்பி சிரிக்க வாயெடுத்தவன் மூடிக்கொண்டான். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"ஏற முடியாதுடா" என்றார் அவர். "இது முட்டி இல்லாத கால். திருப்பி வெச்சா அவளுக்கு முட்டி அவளோட கணுக்கால்தான். என் பாதத்தை எப்படி நான் திருப்ப? இரும்பு முட்டியையும் மாட்டிப் பாக்க முடியாது. எதுலயும் முன்னால ஏற முடியாது. அவதான் ஏறணும். அப்ப அவகிட்டதானே கேட்டிருக்கணும்?"

வீட்டுக்கு வந்து, மகள் கேட்பது இரண்டாவது வழியைத்தான் என்று மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவ சின்னப் பொண்ணு. செருப்பைக் கழட்டற எடத்துல நாலு பேரு பாப்பாங்க. குளிக்கறப்ப அவளே பாக்கணும். இருக்கறவரைக்கும் முழுசா இருக்கட்டும்னுதான் நான் கேக்கறேன்."

"இருக்கறவரைக்கும் நடக்கட்டும்னு அவ கேக்கறா."

சொல்லி முடித்த பிறகுதான், 'இருக்கறவரைக்கும்' என்ற சொல்லைத் தாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லிவிட்டது இருவருக்கும் உறைத்தது.

டாக்டர் ஒரு பெண்ணை வரவழைத்தார். சின்ன வயதில் இதே அறுவை செய்துகொண்டவள். இப்போது தபால் பட்டுவாடா செய்கிறாள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறித்தான் வந்தாள். "லிஃப்ட் ரொம்ப முனகுதுங்க, பயமா இருந்துச்சு" என்றாள். நெட்டச்சி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

தபால்கார அக்கா செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். தொடையின் முடிவில், எதிர்பார்க்கும் திசைக்கு மாறாக, ஒரு பாதம். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அக்கா பாதத்தை அசைத்தாள். கால் மடங்குவதும் நிமிர்வதும் அப்படியே முட்டி செய்யும் வேலை.

"நகம் வெட்டறதுதான் கஷ்டம். நம்ம காலையே நாம திருட்டுத்தனமாத் திரும்பிப் பாக்கணும்" என்றாள். "ஆனா பாரு, ஒரு கால் விரல் முன்னாலயும் ஒரு கால் விரல் பின்னாலயும் பாக்குது. தெருநாய் எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குத் தெரிஞ்சுடும்."

நெட்டச்சி சிரித்தாள். மருந்து ஏற ஆரம்பித்ததிலிருந்து அம்மா அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கவில்லை.

"ஓடுவீங்களாக்கா?"

"நாய் தொரத்தினா ஓடுவேன்."

"கண்ணாடி முன்னால நின்னா?" இதைக் கேட்டது அம்மா, ஜன்னலைப் பார்த்தபடியே.

தபால்கார அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்ல மாட்டேங்க. அதுக்கு எனக்கு ரொம்ப வருஷம் ஆச்சு. இன்னமும் சில நாள் நிக்க மாட்டேன்."

அம்மா திரும்பினாள். அருகே வந்து, தொடையும் கீழ்க்காலும் சேர்ந்த இடத்தில் சுற்றிவர ஓடிய தழும்பைப் பார்த்தாள். மேலே அகலம், கீழே குறுகல். இரண்டு வேறு அளவுத் துணியைச் சுருக்கம் விழாமல் இணைப்பது எவ்வளவு கடினம் என்று அவள் கைக்குத் தெரியும். ஒரு விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள்.

"சீரா இருக்கு" என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "காற்சட்டைக்குப் பக்கவாட்டுல மேலவரைக்கும் ஜிப் வெச்சா மாட்டறது சுலபம்" என்றாள்.

நெட்டச்சி அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான் முடிவு.

அறுவை முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் முகமூடியின் தடம் இருந்தது. முட்டியும் கட்டியும் போய்விட்டன. காலின் பெரிய நரம்பை மட்டும் வெட்டாமல் காப்பாற்றியிருந்தார்கள். காலைத் தூக்கி வைத்ததால் நரம்பு நீளம் மிஞ்சியது. அதை வளையமாக மடித்துச் சதைக்குள் வைத்ததாகச் சொன்னார். மெக்கானிக்குக்கு அது சட்டென்று புரிந்தது. லிஃப்ட் பெட்டிக்கு அடியில் ஒரு மின்கம்பி வளையமாகத் தொங்கும். பெட்டி ஏறினாலும் இறங்கினாலும் அறுபடாமல் உள்ளே வெளிச்சம் எரிவது அந்த வளையத்தால்தான்.

மகள் கண் விழித்ததும் அவர் கட்டிலின் இடது பக்கம் போய் நின்றார். கட்டுக்குள்ளிருந்து ஐந்து விரல்கள் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆட்டு" என்றார்.

நேரமாயிற்று. விரல்கள் எங்கே இருக்கின்றன என்று அவள் மூளை தேடியது. பிறகு கட்டைவிரல் அசைந்தது. அம்மா சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

எலும்போடு எலும்பு சேர மாதங்கள் பிடித்தன. இடையிடையே மருந்து ஏற்றியதால் இன்னும் தாமதம். எலும்பு ஆறுவதற்கும் செல்கள்தான் பெருக வேண்டும். பெருகுகிற எல்லாவற்றையும் மருந்து அடிக்கும். நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நெட்டச்சி படுத்தபடியே விரலை நீட்டி 'நிமிர்' என்றும், தூக்கி 'மடங்கு' என்றும் தன் காலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அம்மா ஜிப் வைத்த காற்சட்டையைத் தைத்து மடித்து வைத்தாள்.

செயற்கைக் கால் வந்த அன்று காலையில்தான் நுரையீரலின் புது ஸ்கேன் முடிவும் வந்தது. டாக்டர் முதலில் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். தாழ்வாரத்துக்கு வந்ததும் அம்மா கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு மட்டும் அவகிட்ட சொல்ல வேண்டாங்க. நடந்து முடிக்கட்டும்."

நடைப் பயிற்சி அறையில் இரண்டு கம்பிகள் இணையாக நீண்டிருந்தன. கால் பொருத்துகிறவர் பட்டைகளை இழுத்துச் சரிபார்த்தார். மெக்கானிக் தன்னையறியாமல் கம்பிகளுக்கு நடுவில் போய் நின்று இரண்டையும் ஆட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க தள்ளி நில்லுங்க. அவங்க வரணும்."

"அது அவர் பழக்கம்" என்றாள் நெட்டச்சி. "அப்பா, இதுல நான்தான் முதல்ல. நீ சித்தப்பா வேலையைப் பாரு."

அவர் வெளியே வந்து, கம்பியின் ஓரமாக நின்று, விரல்முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் எழுந்தாள். நெட்டச்சி மறுபடி நெட்டையாக நின்றாள். விரல்களை நீட்டினாள், கால் நிமிர்ந்து பாரம் வாங்கியது. தூக்கினாள், மடங்கி முன்னே வந்தது. ஒரு அடி. அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் ஓர் அடி நகர்ந்து தட்டினார். அவள் ஓர் அடி வைத்துத் தட்டினாள். அப்படியே கம்பியின் அந்த முனைவரை போனார்கள். முனையில் அவள் வியர்வையோடு நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"தட்டறது ஒழுங்கா வரல உனக்கு" என்றாள். "சொல்லு. அந்த ரெண்டு புள்ளி இப்ப எத்தன?"

அம்மா கழுத்தில் கிடந்த அளவுநாடாவை இறுகப் பிடித்தாள். அவர் மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அஞ்சு."

"பெருசா?"

"அரிசியை விட."

நெட்டச்சி தலையாட்டினாள். கால் பொருத்துகிறவர் நாற்காலியை நகர்த்திக் கொண்டுவந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு உட்காராமல் திரும்ப ஆரம்பித்தாள். நடப்பதைவிடத் திரும்புவது கடினம். பின்னால் பார்க்கிற பாதத்துக்கு எது முன் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெல்லத் திரும்பி, வந்த வழியைப் பார்த்து நின்று, இரண்டு தட்டுத் தட்டினாள்.

பதில் வரவில்லை.

"அப்பா, தட்டு."

அவர் தட்டினார்.